மேடையும் செவியும் விரலும்: ஆங்கில நாடகாசிரியர் தொழிலின் ஒரு நூற்றாண்டு

லண்டனிலும் நியூயார்க்கிலும் நாடகம் எழுதிப் பிழைப்பவர்கள் இன்று மேடையை மட்டும் நம்பியிருப்பதில்லை. ஒரே எழுத்தாளர் சிறிய அரங்கு ஒன்றுக்கு முழு நீள நாடகமும், பாட்காஸ்ட் எனப்படும் இணையவழி ஒலித்தொடருக்குச் சில பகுதிகளும், வீடியோ கேம் நிறுவனம் ஒன்றுக்குப் பல்லாயிரம் வரி உரையாடலும் எழுதித் தருவது அங்கே புதுமையாகக் கருதப்படுவதில்லை. அரங்க வருமானம் வயிற்றுக்குப் போதாததால்தான் எழுத்தாளர் மற்ற இரண்டையும் நாடுகிறார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பொய்யன்று, ஆனால் முழு விளக்கமும் அன்று. கடந்த நூறாண்டுக் காலத்தைக் கூர்ந்து நோக்கினால், புதிதாகப் பிறந்த ஊடகம் ஒவ்வொன்றும் மேடையிலிருந்து வந்தவர்களிடமே எழுதக் கற்றுக்கொண்டது என்பதும், வரும்போது பெரும்பாலும் அவர்கள் கையிலிருந்த ஏதேனும் ஒன்றை அது பறித்துக்கொண்டது என்பதும், பறிபோனதை ஈடுசெய்ய அவர்கள் கண்ட வழியே அந்த ஊடகத்தின் இலக்கணமாக நிலைத்தது என்பதும் புலப்படும்.

செவிவழி நாடகம் வானொலிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1881-இல் பாரிஸ் நகரில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், கிளெமென் அதேர் என்னும் பொறியாளர் ஓபரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, தொலைபேசிக் கம்பிகள் வழியே பாடலைக் கண்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். 1890 முதல் இதுவே சந்தா கட்டி வீட்டிலிருந்தபடி அரங்க நிகழ்ச்சிகளைக் கேட்கும் சேவையாக வளர்ந்து, 1932 வரை நீடித்தது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் அதன் சந்தாதாரர்களில் ஒருவர். ஆயினும் இந்தக் கருவிக்கென்று எவரும் எழுதவில்லை. மேடையில் நடந்தது அப்படியே கம்பிவழி கசிந்து வந்ததே தவிர, கேட்பவர் கண்ணில்லாமல் கேட்கிறார் என்ற உண்மை எழுத்துக்குள் நுழையவில்லை. பிபிசி நிறுவனம் 1923-இல் ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகளையும் பிறகு 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தையும் ஒலிபரப்பியபோதும் நிலைமை ஏறக்குறைய இதுவே.

மாற்றம் 1924 ஜனவரி 15 அன்று வந்தது. நாடக இயக்குநர் நைஜல் பிளேஃபேர், வானொலிக்கென்றே ஒரு நாடகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன்பேரில், 23 வயதே ஆன ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய 'எ காமெடி ஆஃப் டேஞ்சர்' அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பானது. ஒலிபரப்புக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்று வரலாற்றாசிரியர் பலரும் இதனையே குறிப்பிடுகின்றனர். கதை மிகச் சிறியது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க இறங்கிய ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் ஒரு முதியவரும் விளக்குகள் அணைந்து இருட்டில் சிக்கிக்கொள்கின்றனர். வெடியோசை கேட்கிறது, வெள்ளம் ஏறுகிறது, தொலைவில் சுரங்கத் தொழிலாளரின் பாட்டு ஒலிக்கிறது. நேயருக்கு எதையும் காட்ட முடியாது என்பது எல்லாருக்கும் குறையாகத் தெரிந்த வேளையில், பாத்திரங்களுக்கும் எதுவும் தெரியாதபடி செய்துவிட்டால் அந்தக் குறையே கதையாகிவிடும் என்று கண்டதில்தான் ஹியூஸின் மேதைமை இருக்கிறது. வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் அமர்ந்து கேட்குமாறு நேயர்களுக்கு அறிவிப்பும் செய்யப்பட்டது. இருட்டில் ஒருவர் கையை ஒருவர் தேடும்போது, யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பேச்சே சொல்லியாக வேண்டியிருந்தது. மேடையில் நடிகரின் உடல் செய்துவந்த வேலையை வாக்கியம் ஏற்றுக்கொண்டது. வானொலி நாடகத்தின் முதற்பாடம் இதுவே.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் பாடம் விரைந்து பரவியது. பல கலையகங்களில் தனித்தனியே நடக்கும் பேச்சு, இசை, ஓசை ஆகியவற்றை ஒரே மேசையிலிருந்து கூட்டியும் குறைத்தும் கலக்கும் கட்டுப்பாட்டுப் பலகையை பிபிசி அமைத்ததால், நினைவிலிருந்து நிகழ்காலத்துக்கும் கடலிலிருந்து படுக்கையறைக்கும் ஒரு நொடியில் தாவ முடிந்தது. திரையை இறக்கி ஏற்றும் மேடைக்கு இந்த வேகம் கிட்டாது. பிற்காலத்தில் அரங்க இயக்குநராகப் பெரும்புகழ் பெற்ற டைரோன் கத்ரி இந்த வசதியைப் பயன்படுத்தியே 1929-இலும் 1930-இலும் தம் வானொலி நாடகங்களை எழுதினார்.

அமெரிக்காவில் வேறொரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. ஆர்சன் வெல்ஸ் தம் மெர்க்குரி நாடகக் குழுவை 1938-இல் வானொலிக்குக் கொண்டுவந்தபோது, மேடை நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்த ஹவர்ட் கோச் அக்குழுவின் வானொலித் தொடருக்கு எழுத அமர்த்தப்பட்டார். அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று ஒலிபரப்பான 'தி வார் ஆஃப் தி வோர்ல்ட்ஸ்' அவர் கைவண்ணம். வேற்றுக் கோளினரின் படையெடுப்பைச் சொல்லும் எச். ஜி. வெல்ஸின் ஆங்கிலேய நாவலை நியூ ஜெர்சி மாநிலச் சிற்றூர் ஒன்றுக்கு இடம்மாற்றி, இசை நிகழ்ச்சியின் இடையே குறுக்கிடும் செய்தி அறிவிப்புகளாகவே முற்பகுதி முழுவதையும் அவர் அமைத்தார். அந்த இரவில் நாடே பீதியில் ஓடியது என்ற கதையைப் பத்திரிகைகள் பெரிதும் ஊதிப் பெருக்கின என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எழுத்துத் தொழிலின் வரலாற்றில் பீதியைவிட முக்கியமானது அந்த உத்தி: ஓர் ஊடகத்தில் மக்கள் நம்பிப் பழகிய செய்தி வடிவம் எதுவோ, அதன் உடையை அணிந்துகொண்டு நாடகம் வரலாம் என்பதை கோச் நிறுவினார். இந்த உத்தி முக்கால் நூற்றாண்டு கழித்துப் பாட்காஸ்டில் மீண்டும் தலைதூக்கியது.

இதற்கிடையே போக்குவரத்து ஒருவழியாக இருக்கவில்லை. மேரி அரசியின் 80-ஆவது பிறந்தநாளையொட்டி அகதா கிறிஸ்டி பிபிசிக்கு எழுதித் தந்து 1947 மே மாதத்தில் ஒலிபரப்பான அரைமணி நேர வானொலி நாடகமே வளர்ந்து, 1952 நவம்பர் 25 அன்று லண்டன் மேடையேறிய 'தி மவுஸ்ட்ராப்' ஆயிற்று. 2020 மார்ச்சில் கொரோனா தொற்றால் அரங்குகள் மூடப்படும்வரை அது இடைவிடாது நடந்தது. சாமுவேல் பெக்கெட் வானொலிக்கு எழுதி 1957-இல் ஒலிபரப்பான 'ஆல் தட் ஃபால்' நாடகத்துக்கு வழக்கமான பின்னணி ஓசைகள் போதாமற்போன அனுபவமும், மின்னணுக் கருவிகளால் புதிய ஒலிகளை உருவாக்கும் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் என்னும் பிரிவை பிபிசி அடுத்த ஆண்டே தொடங்குவதற்குரிய காரணங்களில் ஒன்றாயிற்று. மேடையில் பெயர் பெற்ற ஒருவர் எழுதிய வரிகளும் ஒரு தொழில்நுட்பக் கூடம் எழக் காரணமாயின என்பது எழுத்தாளருக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பைக் காட்டுகிறது.

அமெரிக்காவிலோ தொலைக்காட்சி வந்தபின் விளம்பரதாரர்கள் வானொலி நாடகத்தைக் கைவிட்டனர். 1962 செப்டம்பர் 30 அன்று சிபிஎஸ் நிறுவனத்தின் கடைசி இரு நாடகத் தொடர்களும் நின்றபோது அந்த மரபு ஏறத்தாழ அறுந்தது. பிரிட்டனில் உரிமக் கட்டணத்தால் நடந்த பிபிசி விளம்பரத்தை நம்பியிராததால், அங்கே இழை அறவில்லை. டாம் ஸ்டாப்பர்டு, ஹெரால்டு பின்டர் முதலியோர் மேடைக்கும் வானொலிக்கும் மாறிமாறி எழுதினர். பணம் எங்கிருந்து வருகிறது என்பதே ஒரு கலைமரபின் ஆயுளைத் தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு இவ்விரு நாடுகளும் தெளிவான சான்று.

மேடை, ஒலி, கணினி விளையாட்டு ஆகிய மூன்றையும் ஒரே வாழ்நாளில் கடந்த முன்னோடிகளுள் டக்ளஸ் ஆடம்ஸ் குறிப்பிடத்தக்கவர். கேம்பிரிட்ஜ் மாணவர்களின் ஃபுட்லைட்ஸ் என்னும் நகைச்சுவை நாடக மன்றத்தில் எழுதத் தொடங்கிய அவருடைய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' தொடர், 1978 மார்ச் 8 அன்று இரவு பிபிசி வானொலியில் முதன்முறை ஒலித்தது. வானொலி நகைச்சுவை என்றால் பார்வையாளர்களை அரங்கில் அமர்த்தி அவர்கள் சிரிப்பையும் சேர்த்துப் பதிவுசெய்வதே அன்றைய வழக்கம். ஆடம்ஸின் தொடரோ, லண்டனில் அத்தகைய பதிவுகளுக்கெனப் பயன்பட்ட அரங்கிலேயே இருக்கைகள் வெறுமையாக இருக்க, குரல்களைத் தனித்தனியே பிரித்துப் பதிவுசெய்து ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பின் ஒலிகளோடு அடுக்கடுக்காகச் சேர்த்து உருவாக்கப்பட்டது. சிரிப்பொலி இல்லாததால், நகைச்சுவை எங்கே விழுகிறது என்பதை வாக்கியத்தின் அமைப்பே காட்ட வேண்டியிருந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் கென் கேம்ப்பெல் இதனை லண்டனில் மேடையேற்றியபோது, பார்வையாளர் சுமார் 80 பேரைக் காற்றுமெத்தையில் மிதக்கும் தளம் ஒன்றில் அமர்த்தி, காட்சிக்குக் காட்சி அவர்களையே நகர்த்திச் சென்றார். இருக்கையில் கட்டுண்ட பார்வையாளரை அசைக்க வேண்டும் என்ற ஆசை அன்றே மேடையில் எழுந்துவிட்டது.

அந்த ஆசையை நிறைவேற்றும் கருவி அப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. படம் எதுவும் இல்லாமல் திரையில் எழுத்து மட்டும் தோன்ற, ஆடுபவர் சிறு வாக்கியங்களைத் தட்டெழுதிக் கதையை முன்நகர்த்தும் விளையாட்டுகள் 1970-களின் பிற்பாதியில் தோன்றின, எம்.ஐ.டி.யில் உருவான 'ஸோர்க்' விளையாட்டின் படைப்பாளிகள் 1979-இல் இன்ஃபோகாம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீவ் மெரெட்ஸ்கியுடன் இணைந்து ஆடம்ஸ் தம் தொடரையே தழுவி எழுதிய விளையாட்டு 1984-இல் வெளிவந்தது. அதன் தொடக்கம் வானொலி நாடகத்தின் வரலாறு அறிந்தவர்களை நிமிர்ந்து உட்காரச் செய்யும்: நாயகன் கண்விழிக்கும் அறை கும்மிருட்டு, விளக்கைப் போடும்படி ஆடுபவர் தட்டெழுதினால்தான் கதை தொடங்கும். பின்னர் மீண்டும் மீண்டும் வரும் ஓர் இருள்வெளியில், எதுவும் தெரியவில்லை, கேட்கவில்லை, மணக்கவில்லை என்று புலன்கள் வரிசையாகச் சொல்லப்படும். அந்தப் பட்டியலில் எந்தப் புலன் விடுபட்டிருக்கிறதோ அதைக் கவனித்துப் பயன்படுத்தினால்தான் ஆடுபவர் வெளியேற முடியும். ஹியூஸ் சுரங்கத்தில் அணைத்த விளக்கை 60 ஆண்டுகள் கழித்து ஏற்றும் பொறுப்பு கேட்பவரிடமே ஒப்படைக்கப்பட்டது என்று இதனைச் சொல்லலாம். 1998-இல் வெளிவந்த 'ஸ்டார்ஷிப் டைட்டானிக்' விளையாட்டில் ஆடம்ஸும் அவருடைய குழுவினரும் இன்னும் துணிந்தனர்; ஆடுபவர் எதைத் தட்டெழுதினாலும் விண்கலத்து இயந்திர மனிதர்கள் குரலில் மறுமொழி சொல்வதற்காக 10,000-க்கும் மேற்பட்ட வரிகள் முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்டன. எல்லாக் கேள்விக்கும் பொருத்தமான விடை கிடைக்கவில்லை. எனினும் அந்த முயற்சியின் பெருந்துணிவு மதிக்கத்தக்கது.

விளையாட்டு பறித்துக்கொண்டது காட்சிகளின் வரிசையை. முதல் அங்கத்தில் சுவரில் தொங்கிய துப்பாக்கி கடைசி அங்கத்தில் வெடிக்கும் என்ற உறுதி நாடகாசிரியருக்கு உண்டு. விளையாட்டில் அந்தத் துப்பாக்கியை ஆடுபவர் பார்க்காமலே கடந்துபோகலாம், எடுத்துக் கடலில் எறியலாம். நாடகவியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் அடாரி விளையாட்டு நிறுவனத்தில் பணியாற்றியவருமான பிரெண்டா லாரல், 1991-இல் வெளியிட்ட 'கம்ப்யூட்டர்ஸ் அஸ் தியேட்டர்' நூலில், கணினியின் முன் அமர்ந்திருப்பவரும் மேடையேறிய ஒரு நடிகரே என்று கொண்டு, அரிஸ்டாட்டிலின் நாடகக் கோட்பாட்டைப் புதிதாகப் பொருத்திப் பார்த்தார். தொழிற்களத்திலோ தீர்வு வேறு திசையிலிருந்து, வானொலியின் பழைய சொத்திலிருந்து வந்தது. 1994-இல் வெளியான 'சிஸ்டம் ஷாக்' விளையாட்டை உருவாக்கியோர், கணினிப் பாத்திரங்களுடன் நடக்கும் உரையாடல் உயிரற்று இருப்பதைக் கண்டு, கதை நடக்கும் விண்வெளி நிலையத்தில் எவருமே உயிரோடு இல்லை என்று கதையை மாற்றினர். இறந்தவர்கள் விட்டுச்சென்ற குரற்பதிவுகள் அங்கங்கே கிடக்கும். ஆடுபவர் கண்டெடுக்கும் வரிசையில் கதை தெளியும். கல்லறையிலிருந்து ஓர் ஊரே பேசுவதாக எட்கர் லீ மாஸ்டர்ஸ் 1915-இல் வெளியிட்ட 'ஸ்பூன் ரிவர் ஆந்தாலஜி' கவிதைத் தொகுதியே இதற்குத் தூண்டுதல் என்று அதில் எழுதிய ஆஸ்டின் கிராஸ்மன் கூறியிருக்கிறார். எந்த வரிசையில் கேட்டாலும் தனித்து நிற்கும் சிறு தனிமொழி, அதாவது ஒருவரே பேசும் பேச்சு, வரிசை பறிபோன எழுத்தாளருக்குக் கிடைத்த ஈடு. கல்லூரியில் நாடகம் பயின்ற கென் லெவின் 2007-இல் உருவாக்கிய 'பயோஷாக்' விளையாட்டில், கடலடி நகரம் ஒன்றின் வீழ்ச்சி இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. படங்களின் பகட்டை நீக்கிப் பார்த்தால் அதன் நடுவே இருப்பது ஒரு வானொலி நாடகம்.

வானொலி நாடகம் அமெரிக்காவில் உண்மையாகவே மீண்டெழுந்தது பாட்காஸ்ட் வழியாக. ஒலிக்கோப்பு ஒன்றை இணையத்தில் இட்டால் சந்தாதாரரின் கருவிக்கு அது தானே வந்துசேரும் ஏற்பாடு 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் உருப்பெற்று, 2005-இல் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் மென்பொருளில் அதனைச் சேர்த்தபின் பரவலாயிற்று. மற்ற ஊடகங்களைப் போல இது புதிதாக ஒன்றையும் பறிக்கவில்லை. நிலையமும் நிகழ்ச்சி நேரமும் அனுமதியும் தேவையில்லை என்றாக்கி, எழுத்தாளரிடம் ஒன்றைத் திருப்பித் தந்தது. ஒரு மணி நேரத்தில் 30 குறுநாடகங்களை நடித்துக்காட்ட முயல்வதைத் தம் அடையாளமாகக் கொண்ட நியோ-ஃப்யூச்சரிஸ்ட்ஸ் குழுவின் நியூயார்க் கிளையில் பழகிய ஜோசஃப் ஃபிங்க், ஜெஃப்ரி கிரேனர் இருவரும் 2012 ஜூன் 15 அன்று தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்' இதற்கு முதன்மைச் சான்று. பாலைவனச் சிற்றூர் ஒன்றின் உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் வழக்கமான அறிவிப்புகளுக்கிடையே அமானுஷ்ய நிகழ்வுகளையும் அதே நிதானத்தில் சொல்லிச் செல்வதே தொடரின் வடிவம். அந்தக் குரலுக்குரிய செசில் பால்ட்வினும் அதே நாடகக் குழுவினர். ஓராண்டு கடந்த நிலையில், 2013 கோடையில் ஐடியூன்ஸ் பட்டியலின் முதலிடத்தை அது பிடித்தது. விரைவிலேயே அந்தத் தொடர் அரங்குகளில் நேரடி நிகழ்ச்சியாக ஊர் ஊராகச் சென்றதால், மேடையில் தொடங்கியவர்கள் செவிவழிச் சுற்றி மேடைக்கே திரும்பினர்.

2014-இல் ஒரு கொலை வழக்கைத் தொடராக ஆராய்ந்த 'சீரியல்' பாட்காஸ்ட் பெரும் வெற்றி பெற்றபின், கோச்சின் பழைய உத்தி உயிர்த்தது. நியூயார்க்கின் சிறு அரங்குகளுக்கு அறிவியல் புனைவு நாடகங்கள் எழுதிவந்த மேக் ராஜர்ஸ், 2015-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆதரவில் எழுதிய 'தி மெசேஜ்' தொடர், வேற்றுக் கோளிலிருந்து வந்த ஒலியைச் சங்கேத வல்லுநர்கள் ஆராய்வதை ஒரு பாட்காஸ்ட் தொகுப்பாளர் பதிவுசெய்வதாக அமைந்தது. செய்தி அறிவிப்பின் இடத்தில் புலனாய்வு ஒலித்தொடர் வந்திருந்தது. மற்றபடி எலும்புக்கூடு 1938-ஆம் ஆண்டினுடையது. 2017-இல் ஆடிபிள் என்னும் ஒலிநூல் நிறுவனம் புதிய நாடகாசிரியர்களைக் கொண்டு ஒலிநாடகம் எழுதுவிப்பதற்காக 50 லட்சம் டாலர் நிதி ஒதுக்கியதும், தொற்றுக் காலத்தில் வில்லியம்ஸ்டவுன் நாடக விழாவின் 2020-ஆம் ஆண்டு நாடகங்கள் ஒலிவடிவில் அதன் வழியே வெளிவந்ததும் இந்தப் போக்கை உறுதிப்படுத்தின.

வேலையின் அன்றாட வடிவத்தில்தான் மூன்று தொழில்களின் வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. மேடை நாடகப் பிரதி ஏறத்தாழ நூறு பக்கம். ஒத்திகையில் நடிகர்கள் எதிரெதிரே நின்று பேச, ஆசிரியர் கேட்டுத் திருத்துவார். பெரிய விளையாட்டின் பிரதி பெரும்பாலும் கட்டங்கள் நிறைந்த விரிதாளில், அதாவது கணக்கெழுதப் பயன்படும் எக்செல் போன்ற அட்டவணையில், ஒரு வரிசைக்கு ஒரு வசனம் என்று கிடக்கும். பக்கத்துக் கட்டங்களில் பேசுபவர் பெயர், கோப்பின் எண், எந்த நிலையில் அந்த வரி ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். காவலன் ஒருவன் காலடியோசை கேட்டுத் திடுக்கிடும் ஒரே கணத்துக்கு எழுத்தாளர் பத்துப் பன்னிரண்டு சிறுவரிகள் எழுதித் தர வேண்டும். ஆடுபவர் அதே மூலையைப் பலமுறை கடப்பார் என்பதால், ஒரே வரி திரும்பத் திரும்ப ஒலித்தால் மாயை கலைந்துவிடும். 'பார்க்' என்று தொழிலில் வழங்கும் இந்தக் கூவல் வரிகள் புதிதாகச் சேரும் எழுத்தாளருக்குக் கிடைக்கும் முதல் வேலை. நடிகரும் பெரும்பாலும் எதிர்நடிகர் இன்றித் தனி அறையில் நின்று இவற்றைப் பேசுவதால், சூழலை எழுத்தாளர் எழுதும் குறிப்பே சுமக்கிறது. மேடையில் பழகியவருக்கு இது வறண்ட வேலையாகத் தோன்றலாம். ஆயினும் நான்கு சொல்லில் ஒரு மனிதனின் அச்சத்தையும் வகுப்பையும் களைப்பையும் காட்டத் தெரிந்தவருக்கே அது கைகூடும். அந்தப் பயிற்சியை நல்ல மேடை போல வேறெதுவும் தருவதில்லை.

வேறுபாடு இன்னும் ஆழமாக இருப்பது உரிமையில். அமெரிக்க நாடகாசிரியர்கள் தம் சங்கத்தின் வழியே 1926-இல் பிராட்வே தயாரிப்பாளர்களுடன் செய்துகொண்ட ஒப்பந்தம், நாடகத்தின் பதிப்புரிமை ஆசிரியருக்கே உரியது என்பதையும், தயாரிப்பாளர் பெறுவது மேடையேற்றும் உரிமையை மட்டுமே என்பதையும் நிலைநாட்டியது. ஆசிரியரின் இசைவின்றி ஒரு வரியையும் மாற்ற இயலாது. பிரிட்டனில் கிறிஸ்டி 'தி மவுஸ்ட்ராப்' நாடகத்தின் வருமானத்தைத் தம் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க முடிந்ததும் இத்தகைய உரிமையின் பலத்தால்தான். விளையாட்டுத் துறையில் எழுத்தாளர் பொதுவாகச் சம்பளத்துக்கோ ஒப்பந்தக் கூலிக்கோ எழுதுபவர். வரிகள் அனைத்தும் நிறுவனத்தின் சொத்து. அமெரிக்கத் திரைக்கதையாளர் சங்கம் விளையாட்டு எழுத்துக்கு 2008-இல் முதன்முறை விருது வழங்கியது அங்கீகாரத்தில் ஒரு படிதானே தவிர, உரிமையில் அன்று. எழுத்தே உயிராக இருக்கும் ஒரு படைப்பில் எழுதியவருக்கு எதுவும் சொந்தமில்லை என்பது நீதியான ஏற்பாடு ஆகாது.

ஆகவே எழுதுபவரே உரிமையாளராகவும் இருக்கும் சிறு குழுக்களின் பங்கு இந்த வரலாற்றில் கூடுதல் கவனத்துக்கு உரியது. மூவர் சேர்ந்து 2013 முதல் 2020 வரை ஐந்து அங்கங்களாக வெளியிட்ட 'கென்டக்கி ரூட் ஸீரோ' விளையாட்டு, மேடை ஒளியமைப்பையும் அங்கம், காட்சி என்னும் பகுப்பையும் வெளிப்படையாகவே கையாண்டது. அதன் இடைப்பகுதி ஒன்றில் ஆடுபவர், மதுக்கடையில் நடக்கும் மேடை நாடகத்துக்குள் வசனமில்லாப் பாத்திரமாக அமர்ந்து, சுற்றிலும் பார்க்க மட்டுமே முடியும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்கிள் என்னும் சிறு நிறுவனத்துக்காக மெக் ஜெயந்த் எழுதி 2014-இல் வெளிவந்த '80 டேஸ்', ஜூல் வெர்னின் உலகப் பயண நாவலைத் தழுவி, சுமார் 5 லட்சம் சொற்களில் கிளைபிரியும் கதையாக விரிந்தது. வெர்ன் வெறும் பின்னணியாக விட்ட நாடுகளின் மக்கள் அதில் தம் வாயால் பேசுகின்றனர். அந்தக் கிளைக்கதைகளை எழுதுவதற்காகத் தாங்கள் உருவாக்கிய 'இங்க்' என்னும் எழுத்துமொழியை இங்கிள் நிறுவனத்தார் 2016-இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டனர். பெரிய நிறுவனத்தின் விரிதாளைத் தொடாமலே ஒருவர் தம் மேசையில் அமர்ந்து முழு விளையாட்டையும் எழுதி, அதன் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதன்பின் பெருகியது.